புதன்கிழமை காட்டு வகுப்பு: தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது தேவையா?

22 ஜூன் 2024, வாசகர் கேள்வி

என் மகள் மூன்றாம் வகுப்பு. பள்ளியில் வாரம் ஒருநாள் பக்கத்துக் காட்டுக்குக் கூட்டிப் போகிறார்களாம். எழுத்துக்கூட்டிப் படிக்கவே பிள்ளைகள் திணறுகிற நேரத்தில் இது தேவையா? அங்கே என்ன பாடம் நடத்த முடியும்? செய்து பார்த்த ஆசிரியர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

23 ஜூன் 2024

நான் செய்கிறேன். இது மூன்றாவது வருடம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஈராசிரியர் பள்ளி, 41 பிள்ளைகள். பத்து நிமிடம் நடந்தால் ஐயனார் கோயில்காடு. நான்கு ஏக்கர் இருக்கும். வீரை, பாலை, காயா, உசிலை, நடுவில் நாலைந்து பெரிய நாவல். வாசலில் மண்குதிரைகள். புதன்கிழமை காலையில் 3, 4, 5 வகுப்புப் பிள்ளைகள் 24 பேரை நான் கூட்டிப் போவேன். தலைமையாசிரியர் 1, 2 வகுப்புகளோடு பள்ளியில் இருப்பார். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்து இரண்டு அம்மாக்கள் முறை வைத்துக் கூட வருவார்கள். அவர்கள் இல்லாத வாரம் போவதில்லை.

என்ன பாடம் என்று கேட்டால், எல்லாப் பாடமும்தான். எழுத்துக்கூட்டத் தெரியாத ஒரு பையன் எங்கள் பள்ளியில் இருந்தான். காட்டுக்குப் போய்த்தான் படிக்கக் கற்றுக்கொண்டான். அவன் கதையை நாளைக்கு எழுதுகிறேன்.

24 ஜூன் 2024

அந்தப் பையன் அப்போது நான்காம் வகுப்பு. வகுப்பில் வாயே திறக்க மாட்டான். பள்ளி விட்டதும் ஆடு மேய்க்கப் போவான். முதல் வருடம் நான் காட்டில் ஒவ்வொரு மரமாகக் காட்டிப் பெயர் சொல்லிக்கொண்டு போனேன். ஒரு செடியைப் பெயர் தெரியாமல் தாண்டிப் போனபோது பின்னால் இருந்து குரல் வந்தது: "அது ஆடுதொடா டீச்சர். ஆடு தொடாது."

எத்தனையோ முறை கேட்ட பெயர்தான். அதற்குள்ளேயே ஒரு வாக்கியம் இருப்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சரி, ஆடு வேறு எதையெல்லாம் தின்னும், எதைத் தின்னாது என்று கேட்டேன். அவன் நிறுத்தவே இல்லை. வேலிப்பருத்தி என்றால் ஓடி வரும், கருவேலங்காய்க்குச் சண்டை போடும், ஆலந்தழை இருந்தால் கட்ட வேண்டியதே இல்லை. அவன் சொல்லச் சொல்ல நான் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன். தின்னும், தின்னாது என இரண்டு பத்தி. மறுநாள் அந்தத் தாளைத்தான் அவனுக்கு வாசிப்புப் பாடமாகக் கொடுத்தேன். அவன் சொன்ன சொற்கள், அவனுக்குப் பொருள் தெரிந்த சொற்கள். "வேலிப்பருத்தி" என்று ஏழெழுத்துச் சொல்லைக் கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

அன்றோடு நான் காட்டில் பெயர் சொல்வதை நிறுத்திவிட்டேன். கேட்பேன். தெரிந்தவர் சொல்வார்கள். யாருக்கும் தெரியாவிட்டால் வீட்டில் பாட்டியிடம் கேட்டு வர வேண்டும்.

7 ஜூலை 2024

ஸ்காட்லாந்தில் இருந்து எழுதிய சகோதரருக்கு. உங்கள் பிள்ளைகள் மழையிலும் பூட்ஸ் போட்டுக்கொண்டு வாராவாரம் காட்டுக்குப் போவதைப் படிக்க ஆசையாக இருந்தது. அந்த முறை டென்மார்க்கில் இருந்து வந்தது என்று நானும் படித்திருக்கிறேன். 1993-இல் இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டர் கல்லூரியில் இருந்து சிலர் டென்மார்க்கின் மழலையர் பள்ளிகளைப் பார்த்துவிட்டு வந்து தொடங்கினார்களாம். நெருப்பு மூட்டுவது, கத்தியால் குச்சி சீவுவது எல்லாம் அதில் உண்டு.

எங்கள் பிள்ளைகளுக்கு நெருப்பும் கத்தியும் புதிதல்ல. ஐந்தாம் வகுப்புப் பெண் விறகடுப்பில் சோறு வடிப்பாள், பையன் அரிவாளால் தழை ஒடிப்பான். அவர்கள் வெளியேதான் வளர்கிறார்கள். ஆனால் அங்கே தெரிந்துகொண்டது எதுவும் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை. அதை அறிவு என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. உங்கள் ஊரில் பிள்ளையைக் காட்டுக்குக் கூட்டிப் போக வேண்டியிருக்கிறது. எங்கள் ஊரில் காட்டைப் பள்ளிக்குள் கூட்டி வர வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் போகிறேன்.

சென்னை, கோவையில் இருந்து கேட்டவர்களுக்கு இது பொருந்தாது. அடுக்குமாடிப் பிள்ளைக்கு ஸ்காட்லாந்துச் சகோதரர் சொன்ன முறைதான் முதலில் தேவை. கண் பார்வைக்காகவாவது வெளியே அனுப்புங்கள். தைவானில் கிட்டப்பார்வை பெருகியதைப் பார்த்து, பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியே விட வேண்டும் என்று 2010-இல் இருந்து முனைந்து செய்கிறார்கள்.

8 ஜூலை 2024

"செய்முறையாக ஒரே ஒரு யோசனை சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தீர்கள். பழைய சைக்கிள் டயர்.

24 பிள்ளைகளைக் காட்டில் விட்டு "சுற்றிப் பாருங்கள்" என்றால் ஐந்தே நிமிடத்தில் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். நாலு பேருக்கு ஒரு டயர் கொடுத்துச் சருகின் மேல் போடச் சொல்லுங்கள். அந்த வட்டத்துக்குள் இருப்பதை மட்டும் பார்க்க வேண்டும். சருகைக் கையால் கிளறக் கூடாது, முழ நீளக் குச்சியால்தான். இது கண்டிப்பான விதி, தேள் இருக்கும். கண்டதை எண்ணி எழுத வேண்டும். சென்ற புதன்கிழமை ஒரு குழுவின் தாளை அப்படியே தருகிறேன்: மரவட்டை 2, நத்தை ஓடு 3, கட்டெறும்பு எண்ண முடியவில்லை, கரையான் மண் ஒரு கை, புழு தின்ற இலை 11, தின்னாத இலை 4, மயில் எச்சம் 1, பெயர் தெரியாத சிவப்பு 1.

அந்தப் "பெயர் தெரியாத சிவப்பு" மழை பெய்த மறுநாள் வரும் பட்டுப்பூச்சி. வெல்வெட் துணி போல இருக்கும். எழுதிய குழுவில் மூன்று பேருக்கு அது தெரியும், எழுதினவளுக்கு மட்டும் தெரியாது. தனக்குத் தெரியாததைத் தெரியவில்லை என்றே எழுதியிருந்தாள். அந்த வரிக்குப் பக்கத்தில் பெரிய சரி போட்டேன்.

18 ஆகஸ்ட் 2024

குழியானை பற்றி.

கோயில் மண்டபத்துக் கூரைக்குக் கீழே மழை படாத பொடி மண் இருக்கிறது. அதில் புனல் வைத்து அழுத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள். பிள்ளைகளுக்கு அது என்ன என்று தெரியும், ஊதி ஊதிப் பூச்சியை வெளியே எடுத்துக் கையில் வைத்துப் பின்னால் நடப்பதைப் பார்ப்பார்கள். எடுக்காமல் பார்க்கலாம் என்றேன். வயிறு தரையில் படக் குப்புறப் படுத்துக்கொண்டோம், நானும்தான். கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஓர் எறும்பு விளிம்பில் கால் வைத்தது. மணல் சரிந்தது. எறும்பு ஏறப் பார்த்தது, அடியில் இருந்து யாரோ மண்ணை வாரி வீசினார்கள். மறுபடி ஏறியது, மறுபடி வீச்சு. மூன்றாவது தடவை எறும்பு அடிக்குப் போய்விட்டது. இரண்டு கொடுக்கு மட்டும் ஒரு நொடி தெரிந்தது. ஒரு பையன் மூச்சு விட்டான், குழி சரிந்தது, எல்லோரும் அவனைத் திட்டினார்கள்.

இது வளர்ந்து என்ன ஆகும் என்று கேட்டார்கள். தட்டான் ஆகும் என்றேன்.

20 ஆகஸ்ட் 2024

மேலே தப்பு. திருத்திய வாசகருக்கு நன்றி. குழியானை தட்டான் ஆவதில்லை. பார்ப்பதற்குத் தட்டான் போன்ற வேறொரு பூச்சி ஆகிறது. தட்டானுக்கு உணர்கொம்பு இருப்பதே தெரியாது. இதற்கு நீளமாக, நுனி தடித்து இருக்கும். தட்டானின் குஞ்சு தண்ணீரில் வளர்வது. பிள்ளைகளிடம் இன்று போய், நான் சொன்னது தவறு என்று சொன்னேன். "அப்ப தட்டான் எங்க டீச்சர் இருக்கும்?" என்று கேட்டார்கள். அடுத்த புதன்கிழமை கண்மாய்க்குப் போக வேண்டும்.

இன்னொரு விஷயமும் அந்த வாசகர் சொன்னார்: குழியானையாக இருக்கும் காலம் முழுக்க அது மலம் கழிப்பதில்லை, எல்லாவற்றையும் உள்ளேயே சேர்த்து வைத்துச் சிறகு முளைத்து வெளிவந்த பிறகுதான் கழிக்கும். இதை வகுப்பில் சொன்னேன். ஐந்து நிமிடம் வகுப்பு என் கையில் இல்லை. இந்த வருடப் பாடத்தில் இதை மட்டும் ஒருவரும் மறக்க மாட்டார்கள்.

22 செப்டம்பர் 2024

"கோயில்காட்டுக்குள் எல்லாப் பிள்ளைகளையும் விடுவார்களா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். மூன்று வாரமாகப் பதில் எழுதாமல் இருந்தேன்.

நான் முன்பு வேலை பார்த்த ஊரில் இதைவிடப் பெரிய கோயில்காடு உண்டு. பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டேன். தாராளமாக, ஆனால் காலனிப் பிள்ளைகள் வரக்கூடாது என்றார்கள். என் வகுப்பில் பாதிக்கு மேல் அந்தப் பிள்ளைகள்தான். அப்படியானால் யாருமே வரவில்லை என்று சொல்லிவிட்டுக் கண்மாய்க்கரைக்குக் கூட்டிப் போனேன். கரையில் நாட்டுக்கருவேலம் வரிசையாக நிற்கும், தூக்கணாங்குருவி கூடு தொங்கும். நல்ல இடம்தான். பிள்ளைகளுக்குக் காரணம் சொல்லவில்லை. சொல்லாமலே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு நான் அத்தோடு விட்டிருக்கக் கூடாது, எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், மேலே போயிருக்க வேண்டும் என்று இன்றும் மனது அறுக்கிறது.

இந்த ஊருக்கு வந்ததும் காட்டைப் பார்ப்பதற்கு முன்பே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைத்தான் கேட்டேன். எல்லாப் பிள்ளைகளும் என்றால் போகிறேன். ஒரு பிள்ளை நிற்க வேண்டும் என்றாலும் போக மாட்டேன். பூசாரி எழுந்து, "ஐயனார் வேட்டைக்குப் போறப்ப ஆள் பார்த்தா கூட்டிப் போறாரு?" என்றார். தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்கள் முதலில் இதைக் கேளுங்கள்.

செருப்பு விவகாரமும் அதே கூட்டத்தில் வந்தது. காட்டுக்குள் செருப்புப் போடக் கூடாது என்பது ஊர் வழக்கம். உள்ளே சூரைமுள், திருவிழாவுக்குப் பிறகு பாட்டில் துண்டு. கடைசியில் சூலம் நட்ட இடத்துக்கு வெளியே உள்ள பாதிக்காட்டில் செருப்போடு வகுப்பு, உள்ளே போனால் பெருக்கிய பாதையில் மட்டும் வெறுங்காலோடு என்று முடிவானது. மண்டபம் பெருக்கிய பாதையில்தான் இருக்கிறது.

10 நவம்பர் 2024

இரண்டு வாரமாக மழை, காட்டுக்குப் போகவில்லை. காடு பள்ளிக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை காலை வராந்தாவில் ஒரு பறவை சுவரோரமாக உட்கார்ந்திருந்தது. முதுகு பச்சை, வயிறு வெளிர்மஞ்சள், வாலுக்குக் கீழே சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, சிறகில் ஒரு துண்டு நீலம், வால் இருக்கிறதா என்றே தெரியாத அளவுக்குக் குட்டை. பிள்ளைகள் கிளி என்றார்கள். ஆறுமணிக்குருவி. வடக்கே இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடு கட்டிவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருவது. இரவெல்லாம் பறந்து வந்து களைத்துப்போய் வீடுகளுக்குள் விழும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்தது இதுதான் முதல்முறை.

அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, துணி விரித்து, இருட்டான அறையில் வைத்தோம். ஒருவரும் கத்தவில்லை. 41 பிள்ளைகள் இருக்கிற பள்ளியில் ஒரு நாள் முழுக்க மெதுவாகப் பேசினார்கள். இந்தியா வரைபடத்தை எடுத்துத் தரையில் விரித்தேன். அது வந்த வழியை நூலால் அளந்தார்கள். புதுக்கோட்டைக்கும் இமயமலைக்கும் நடுவில் எத்தனை மாநிலம் என்று அன்றைக்குத்தான் ஐந்தாம் வகுப்புக்கு மனதில் நின்றது. சாயங்காலம் பெற்றோரோடு காட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தோம். தத்தித் தத்திச் சருகுக்குள் போனது. உடனே ஒரு சருகைப் புரட்டிப் பார்த்தது. "டயர் இல்லாம பாக்குது டீச்சர்" என்றாள் ஒருத்தி.

12 நவம்பர் 2024

பாம்பு பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. மூன்று வருடத்தில் நான்கு முறை பார்த்திருக்கிறோம். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது: நில், பின்னால் வா, டீச்சரிடம் சொல். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கின் படமும் வகுப்பறையில் இருக்கிறது, ஆனால் எந்தப் பாம்பு என்று பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். கடித்தால் கட்டுப் போடக் கூடாது, கீறக் கூடாது, வாய் வைக்கக் கூடாது, பிள்ளையை நடக்க விடக் கூடாது. 108, அல்லது கிடைக்கிற வண்டியில் அரசு மருத்துவமனை. இந்த மாதம்தான் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்திருக்கிறது.

19 ஜனவரி 2025

பொங்கலுக்கு முன் நடந்தது.

வேலியில் பூனைக்காலி காய்த்திருந்தது. அடர்ந்த பழுப்பு மயிரோடு பார்க்கப் பஞ்சு பொம்மை போல இருக்கும். எனக்குத் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த மாதம் வெளியூரில் இருந்து வந்து புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குத் தெரியாது. தொட்டுத் தடவிவிட்டாள், கை, கழுத்து, முகம் எல்லாம் அரிப்பு. தேய்க்க விடாமல் பிடித்துக்கொண்டு, ஒட்டுநாடாவை ஒட்டி ஒட்டி எடுத்தேன், தண்ணீர் ஊற்றினேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுத்தார்கள், மாலைக்குள் சரியாகிவிட்டது. அவளுடைய அம்மா மறுநாள் வந்து, "படிக்கத்தானே அனுப்பினேன்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் ஒரு தவறும் இல்லை. முந்தைய நாளே நான் தனியாகப் போய்ப் பாதையைப் பார்த்திருக்க வேண்டும். முதல் வருடம் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை மாலையும் போனேன். பழகிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

மூன்று புதன்கிழமை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

16 பிப்ரவரி 2025

மறுபடி தொடங்கினோம். அந்தப் பெண்ணின் அம்மாவே முதல் வாரம் கூட வந்தார், நான் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை நடையும் திரும்ப வந்துவிட்டது.

அன்றைக்கு முசுறு எறும்பு கூடு தைப்பதைப் பார்த்தோம். கொய்யா இலை அளவு இரண்டு இலை. ஒரு முசுறு இந்த ஓரத்தைக் காலால் பிடித்து அந்த ஓரத்தை வாயால் எட்டப் பார்த்தது. எட்டவில்லை. இன்னொன்று வந்து முதலாவதின் இடுப்பைக் கவ்வியது, அதன் இடுப்பை மூன்றாவது. சங்கிலியாகத் தொங்கி இழுத்தன. இலைகள் நெருங்கியதும் வேறொன்று வெள்ளை அரிசி போன்ற ஒன்றை வாயில் கொண்டுவந்து இரண்டு ஓரத்திலும் மாற்றி மாற்றி ஒற்றியது. அது அவற்றின் குட்டிப்புழு. நூல் அதன் வாயில் இருந்துதான் வருகிறது, பெரிய எறும்புகளுக்கு நூல் கிடையாது. அந்த அம்மா தையல் வேலை செய்கிறவர். "பிள்ளையைத்தான் ஊசியாக்குதுக" என்றார். அன்றைய மொழிப்பாடத்தில் 24 பேரில் 19 பேர் அந்த வாக்கியத்தை எழுதியிருந்தார்கள்.

9 மார்ச் 2025

முதல் பதிவில் ஒரு பையன் காட்டுக்குப் போய்த்தான் படிக்கக் கற்றான் என்று எழுதினேன். அதைத் திருத்த வேண்டும். அவன் இப்போது ஆறாம் வகுப்பு, பக்கத்து ஊரில் படிக்கிறான். சந்தையில் அவனுடைய அக்காவைப் பார்த்தேன். அந்த வருடம் முழுக்க இரவு எட்டு மணிக்கு அவனை உட்கார வைத்து அரை மணி நேரம் வாசிக்க வைத்தவள் அவள். எனக்கு அப்போது தெரியாது. ஆகவே காடு மட்டும் அவனுக்குப் படிப்பைக் கொடுத்துவிடவில்லை. "அந்தக் காலண்டர் தாளத்தான் டீச்சர் மொதல்ல வச்சுப் படிப்பான், வேற எதையும் எடுக்க மாட்டான்" என்றாள். அவ்வளவு தூரம் காட்டுக்குப் பங்கு உண்டு.

கேள்வி கேட்ட அம்மாவுக்கு: மகள் எழுத்துக்கூட்டத் திணறினால் அதற்குத் தினமும் தனியாக நேரம் வேண்டும், புதன்கிழமைக் காடு அதற்கு ஈடாகாது. ஆனால் காட்டில் இருந்து அவள் கொண்டு வரும் சொற்களை வைத்தே இரவில் வாசிக்கச் சொல்லுங்கள்.

30 மார்ச் 2025

அதிகாரிகள் ஆட்சேபித்தால் என்ன செய்வது என்று கேட்ட தம்பிக்கு: 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். செயல்பாடு, தேடிக் கண்டறிதல் வழியாகக் கற்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. என்னிடம் கேட்டவரிடம் அந்தப் பக்கத்தின் நகலையும் பிள்ளைகளின் டயர் தாள்களையும் சேர்த்துக் காட்டினேன். அவர் டயர் தாள்களைத்தான் நெடுநேரம் பார்த்தார்.

இந்த மாதம் திண்டுக்கல் மாவட்டத்தில் காசம்பட்டி வீரகோயில் காட்டைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்திருக்கிறார்கள். 2022-இல் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டிக்கு அடுத்து, தமிழ்நாட்டில் இது இரண்டாவது. ஐந்து ஹெக்டேர்கூட இல்லை, 4.97. வகுப்பில் சொன்னதும் எங்கள் காடு எத்தனை என்று கேட்டார்கள். ஏக்கரை ஹெக்டேராக மாற்றும் கணக்கு அப்படி வந்தது.

இன்னொன்றும் செய்தோம். பள்ளிக்குத் தெற்கே தைலமரக்காடு இருக்கிறது. அங்கே ஆறு டயர் போட்டோம். கிடைத்தது: காய்ந்த தைல இலை, கட்டெறும்பு, ஒரு டயரில் ஒரு சிலந்தி. இரண்டு இடத்துத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் சுவரில் ஒட்டியிருக்கிறேன். நான் எதுவும் விளக்கவில்லை.

13 ஏப்ரல் 2025

காயா பூத்திருக்கிறது. கிளையை ஒட்டியே கொத்துக் கொத்தாக நீலம். சருகின் மேலும் உதிர்ந்து கிடக்கிறது. கடைசி டயர் தாளில் "காயாம்பூ 212" என்று எழுதியிருக்கிறார்கள். நிஜமாகவே எண்ணினார்களா என்று கேட்டேன். மறுபடி எண்ணிக் காட்டட்டுமா என்றார்கள்.

இலங்கை வன்னியில் இருந்து எழுதிய ஐயா, பாலைப்பழம் இங்கேயும் உண்டு. வைகாசி, ஆனியில் பழுக்கும், உதடு ஒட்டும். பள்ளி திறந்த முதல் வாரம் பிள்ளைகள் ஒட்டிய வாயோடுதான் வருவார்கள். ஐந்தாம் வகுப்பு எட்டுப் பேர் இத்தோடு போகிறார்கள். புதன்கிழமை நாங்களும் வரலாமா என்று கேட்டார்கள். உங்கள் பள்ளி விடுமுறை என்றால் வாருங்கள், புதிதாக வரும் மூன்றாம் வகுப்புக்குக் குச்சி பிடிக்கச் சொல்லித் தர ஆள் வேண்டும் என்றேன்.